ஆசிரியரின் மனத்தை வகுப்பறையில் இருத்துவது எது?

(சங்கத்தின் 50ஆம் ஆண்டு நிறைவையொட்டி நடைபெற்ற ஆசிரியர் – பெற்றோர் ஒன்றுகூடலில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பள்ளியில் ஆசிரியரின் ஈடுபாட்டைக் கூட்டுவது எது, குறைப்பது எது என்ற தலைப்பில் பேசும்படி கல்விக் குழுவைப் பணித்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் எங்களுக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. எங்கள் குழுவில் கணக்கர் இருக்கிறார், நாணயமாற்றுக் கடை நடத்துபவர் இருக்கிறார், தாதியாகப் பணியாற்றும் சகோதரி இருக்கிறார். ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. ஆசிரியர்கள் முன்னிலையில் ஆசிரியர்களைப் பற்றி நாங்கள் பேசுவதா என்று யோசித்தோம். பிறகு ஒரு முடிவுக்கு வந்தோம். ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல எங்களுக்குத் தகுதியில்லை. ஆசிரியரைச் சுற்றி இருக்கும் நாம் எப்படி இருக்கிறோம் என்று சொல்ல நிச்சயமாகத் தகுதி உண்டு. அதில் எங்களுக்கு அனுபவமும் உண்டு. அது பெருமைப்படத்தக்க அனுபவம் அன்று என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

முன்னோர் கட்டிய பள்ளி

கல்வி என்று பேசும்போது இந்த மண்ணில் நம் சமூகத்துக்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரைச் சூட்டியது. தஞ்சோங் பகார் வட்டாரத்தில் அன்றாடம் உழைத்துப் பிழைத்த மக்கள், தங்கள் சம்பாத்தியத்தில் மிச்சம் பிடித்து நடத்திய பள்ளி அது. தமிழ்வழியில் உயர்நிலைக் கல்வி தந்த பள்ளியாகவும் அது வளர்ந்தது. மாணவர் எண்ணிக்கை குறைந்து 1982இல் அது மூடப்பட்டாலும், பெயர் அழியவில்லை. மறு ஆண்டே உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் உருவானது. இன்று பீட்டி ரோட்டில் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்கிறோம்.

1987 முதல் நம் நாட்டுப் பள்ளிகள் எல்லாம் ஆங்கிலத்தை முதன்மைப் பயிற்றுமொழியாகக் கொண்டுவிட்டன. தமிழ் ஒரு பாடமாயிற்று. பள்ளி நடத்தும் பொறுப்பை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நம்மைப் போன்ற சங்கங்களுக்கு மிஞ்சியது வாரயிறுதி வகுப்பும், துணைப்பாட வகுப்பும், மதரசாவும்தான். அன்றைய பெரியவர்கள் ஒரு பள்ளியையே தோளில் சுமந்தார்கள். நம் கையில் இருப்பது சனிக்கிழமை காலை மூன்று மணி நேரம். அதையாவது ஒழுங்காகச் சுமக்கிறோமா என்பதுதான் கேள்வி.

ஓர் ஆசிரியை விலகினார்

சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறோம். ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து வந்த ஓர் ஆசிரியை, ஆண்டு இறுதியில் இரண்டு வரிக் கடிதம் கொடுத்துவிட்டு நின்றுவிட்டார். வார நாள்களில் பள்ளியில் முழுநேரப் பணி. சனிக்கிழமை காலையில் நம் தொடக்கநிலைப் பிள்ளைகள். இதுதான் அவர் வாழ்க்கையாக இருந்தது. சங்கம் அவருக்குக் கொடுத்தது போக்குவரத்துக்கும் தேநீருக்கும் காணக்கூடிய ஒரு சிறு தொகை.

நாங்கள் கூடிப் பேசினோம். தொகை போதவில்லை போலும் என்று முடிவு செய்தோம். கூட்டிக் கொடுத்தோம். அடுத்த ஆறு மாதத்தில் இன்னும் இரண்டு பேர் விலகினார்கள்.

அந்த ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு எங்களில் மூவர் அந்த ஆசிரியையின் வீட்டுக்குப் போனோம். வாழ்த்துச் சொல்லப் போனோம் என்றாலும் மனத்துக்குள் அவரைத் திரும்ப அழைக்கும் எண்ணம்தான். தேத்தண்ணியும் பலகாரமும் வைத்து நன்றாகவே உபசரித்தார். தொகையைக் கூட்டியிருக்கிறோம் என்று செயலாளர் பேச்சை எடுத்ததும் அவர் சொன்னார்: "காசுக்காகவா பாய் நான் வந்தேன்? ஒன்பது வருஷத்துல ஒரு நாளாவது உங்கள்ல யாராவது வகுப்புக்குள்ள வந்து, பிள்ளைங்க என்ன படிக்குதுன்னு பார்த்திருக்கீங்களா? புகார் வந்தப்ப மட்டும்தானே என் நம்பரு உங்களுக்கு ஞாபகம் வந்துச்சு?"

எங்களிடம் பதில் இல்லை. அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். தட்டை நகர்த்தி வைத்தபடி, வருத்தமாகச் சொன்னார்.

ஈடுபாடு என்றால் என்ன?

அதன் பிறகுதான் இந்த விஷயத்தைப் பற்றிப் படிக்கவும் ஆசிரியர்களிடம் கேட்கவும் ஆரம்பித்தோம். ஈடுபாடு என்பதை நாம் பெரும்பாலும் ஆளின் குணமாகப் பார்க்கிறோம். "அவர் அர்ப்பணிப்பு உள்ளவர்", "இவர் கடமைக்கு வருகிறவர்" என்று ஆளைப் பிரிக்கிறோம். வில்லியம் கான் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990இல் வெளியிட்ட ஓர் ஆய்வு வேறு விதமாகப் பார்த்தது. கோடைக்கால முகாமில் பிள்ளைகளை வழிநடத்தியவர்களையும், கட்டட வடிவமைப்பு நிறுவனம் ஒன்றில் வேலை செய்தவர்களையும் கவனித்து எழுதினார். அதே மனிதர் ஒரு நேரம் முழு மனத்தோடு வேலையில் இறங்குகிறார். இன்னொரு நேரம் உடம்பை மட்டும் அங்கே வைத்துவிட்டு மனத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார். அது மூன்று நிலைமைகளைப் பொறுத்தது என்றார். நான் செய்வதற்குப் பயன் இருக்கிறதா? மனம் திறந்து செய்தால் எனக்குக் கேடு வராமல் இருக்குமா? செய்வதற்கு என்னிடம் தெம்பு மிச்சம் இருக்கிறதா?

பயன், பயமின்மை, தெம்பு. இந்த மூன்றையும் எங்கள் வகுப்பின்மேல் வைத்துப் பார்த்தோம்.

பயன் கண்ணுக்குத் தெரிய வேண்டும்

தையற்காரர் தைத்த சட்டையைப் பார்க்கிறார். சமையற்காரர் காலியான தட்டைப் பார்க்கிறார். ஆசிரியர் செய்த வேலையின் பலனோ பத்து ஆண்டு கழித்து, வேறெங்கோ தெரிகிறது. இன்று "ற"வையும் "ர"வையும் பிரித்துச் சொல்லத் தெரியாமல் திணறுகிற பிள்ளை, நாளை தன் பாட்டியோடு தொலைபேசியில் தடுமாறாமல் பேசும்போது அந்த ஆசிரியர் அருகில் இருப்பதில்லை. யாராவது போய்ச் சொன்னால்தான் உண்டு.

நாங்கள் சொல்லவில்லை. நம் வகுப்பில் படித்த ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்தபோது, செயலவைக் கூட்டத்தில் மகிழ்ந்து பேசினோம், அறிக்கையிலும் எழுதினோம். அவளுக்கு அகரம் சொல்லிக்கொடுத்த ஆசிரியைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. பாராட்டு விழா, பொன்னாடை, கேடயம் எல்லாம் நல்லவைதான். ஆனால் ஆசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள். "டீச்சர், நீங்க சொல்லிக்கொடுத்த அந்தக் கதையைப் பிள்ளை வீட்டில் வந்து சொன்னாள்" என்று ஒரு தாய் சொல்கிற சொல்லைத்தான் அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பயம் நீங்க வேண்டும்

இரண்டாவது, எங்கள் தவறு. அதே ஆசிரியை ஒரு முறை வகுப்பறையைச் சந்தையாக மாற்றினார். பிள்ளைகளில் சிலர் காய்கறி விற்றார்கள், சிலர் பேரம் பேசினார்கள். "கிலோ என்ன வெல?", "கொஞ்சம் கொறச்சுக் குடுங்கண்ணே" என்று ஒரே கலகலப்பு. ஒரு பெற்றோருக்கு அது பிடிக்கவில்லை. பேச்சுத் தமிழைச் சொல்லிக்கொடுக்கவா வகுப்புக்கு அனுப்புகிறோம் என்று எங்களுக்கு எழுதினார். நாங்கள் ஆசிரியையிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், "பாடநூலை ஒட்டியே நடத்தவும்" என்று குறுஞ்செய்தி அனுப்பினோம்.

பின்னாளில்தான் எங்களுக்குத் தெரிந்தது. 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தையும் கற்பித்தல் முறையையும் மறுஆய்வு செய்த குழு, நல்ல பேச்சுத் தமிழை வகுப்பறையில் பயன்படுத்த வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. வீட்டில் ஆங்கிலம் பேசி வளரும் பிள்ளைக்கு எழுத்துத் தமிழை மட்டும் கொடுத்தால், தமிழ் தேர்வுக்கான மொழியாக நின்றுவிடும். வாயில் ஏறாது என்பதுதான் காரணம். அந்த ஆசிரியை தன் தொழில் அறிந்து செய்திருக்கிறார். தொழில் அறியாத நாங்கள் தடுத்திருக்கிறோம். அதன் பிறகு அவர் பாடநூலைத் தாண்டவே இல்லை. வகுப்பும் அமைதியாகத்தான் நடந்தது. அந்த அமைதியை நாங்கள் ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டோம்.

பெரிய பள்ளிகளிலும் இதுவே நடக்கும் என்று ஆசிரிய நண்பர்கள் சொல்கிறார்கள். முதல்வரோ துறைத்தலைவரோ "செய்து பாருங்கள், சரிவராவிட்டால் சேர்ந்து யோசிப்போம்" என்று சொல்லும் இடத்தில் ஆசிரியர் புதியவற்றைச் செய்து பார்க்கிறார். ஒவ்வொரு புகாருக்கும் விளக்கம் எழுதச் சொல்லும் இடத்தில் பாதுகாப்பானதை மட்டும் செய்கிறார். பிள்ளைகளின் தவறைத் திருத்தித் தரும் ஆசிரியருக்கு, தானும் தவறிப் பார்க்க இடம் வேண்டும்.

தெம்பு மிஞ்ச வேண்டும்

மூன்றாவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பொருளியல் ஒத்துழைப்பு மேம்பாட்டு அமைப்பு 2018இல் பல நாடுகளின் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்களிடம் நடத்திய ஆய்வில், சிங்கப்பூர் ஆசிரியர் வாரத்துக்குச் சராசரியாக 46 மணி நேரம் வேலை செய்வதாகத் தெரியவந்தது. ஆய்வில் பங்கேற்ற நாடுகளின் சராசரி ஏறத்தாழ 38 மணி நேரம். 46 மணி நேரத்தில் வகுப்பறையில் கற்பிப்பது ஏறத்தாழ 18 மணி நேரம்தான். மீதி நேரம் தாள் திருத்துவதிலும், பாடம் தயாரிப்பதிலும், கூட்டங்களிலும், நிர்வாக வேலையிலும், இணைப்பாட நடவடிக்கைகளிலும் போகிறது.

ஆசிரியர் களைப்பதற்குக் காரணம் எப்போதும் பிள்ளைகள் அல்லர். பிள்ளைகளோடு இருக்க முடியாமல் செய்யும் வேலைகள்தாம் பல நேரங்களில் காரணம். நம் சனிக்கிழமை வகுப்பையே பாருங்கள். மூன்று மணி நேரத்தில் வருகைப் பதிவு, கட்டணம் வாங்குவது, நகல் எடுப்பது, பலகாரம் பங்கிடுவது, அழைத்துப்போக வராத பெற்றோருக்காகக் காத்திருப்பது என எல்லாவற்றையும் ஆசிரியர் தலையிலேயே வைத்திருந்தோம்.

இதோடு வாட்ஸ்அப் வேறு. இரவு பத்தரை மணிக்கு, "டீச்சர், நாளைக்கு எழுத்துப் பயிற்சி எந்தப் பக்கம்?" என்று ஒரு செய்தி. கேட்பவருக்கு அரை நிமிட வேலை. வாங்குபவருக்கு அப்படி இருபது பேர். பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையிலான உறவு குறித்துக் கல்வி அமைச்சு 2024இல் வெளியிட்ட புதுப்பிக்கப்பட்ட வழிகாட்டியில், ஆசிரியர்கள் தங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணைப் பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதில்லை, பள்ளி நேரத்துக்குப் பின் வரும் செய்திகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. அமைச்சு எழுதி வைக்கும் நிலைக்கு நாம் கொண்டுவந்துவிட்டோம் என்பதை நினைத்து நாம் கொஞ்சம் வெட்கப்படலாம்.

துணை வேண்டும்

இம்மூன்றோடு நான்காவதாக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறோம். நம் ஆசிரியர்களிடம் பேசியதிலிருந்து நாங்களே கண்டது. தமிழாசிரியர் பல பள்ளிகளில் ஒற்றை ஆள், அல்லது இரண்டு மூன்று பேரில் ஒருவர். கணித ஆசிரியருக்கு ஆசிரியர் அறையில் பக்கத்து மேசையில் இன்னொரு கணித ஆசிரியர் இருப்பார். இன்றைய பாடம் ஏன் எடுபடவில்லை என்று கேட்க ஓர் ஆள் இருப்பார். தமிழாசிரியர் அதைத் தனக்குள்ளேயே கேட்டுக்கொள்ள வேண்டும். 1951 முதல் இயங்கிவரும் சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சங்கம் அந்தக் குறையை இட்டு நிரப்பப் பாடுபட்டு வருகிறது. நம் வகுப்பிலும் ஐந்து ஆசிரியர்கள் அடுத்தடுத்த அறைகளில் ஆண்டுக்கணக்காகப் பாடம் நடத்தினார்கள். அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேச ஒரு முறைகூட நாங்கள் வழி செய்யவில்லை.

மதிப்பு உண்டு, கவனிப்பு உண்டா?

முன்பு சொன்ன அதே ஆய்வில் இன்னொரு செய்தி. தங்கள் தொழிலைச் சமூகம் மதிக்கிறது என்று சிங்கப்பூர் ஆசிரியர்களில் 72 விழுக்காட்டினர் சொன்னார்கள். அமைப்பின் சராசரி 26 விழுக்காடு மட்டுமே. பெருமைதான். ஆசிரியரை உயர்வாக நினைக்கும் நாடு இது. ஆசிரியரை உயர்வாக நினைக்கும் சமூகம் நம் சமூகம். உஸ்தாத் எதிரே வந்தால் இன்றும் ஒதுங்கி வழிவிடுகிறோம்.

ஆனால் மதிப்பு ஒன்று, கவனிப்பு வேறொன்று. தொழிலுக்கு மதிப்புக் கொடுத்துவிட்டு, அதைச் செய்யும் மனிதரைக் கவனிக்காமல் விட முடியும். நாங்கள் ஒன்பது ஆண்டுகள் அதைத்தான் செய்தோம். மேடையில் "எழுத்தறிவித்தவர்" என்று புகழ்ந்தோம். அவர் மேசைக்கு மேலே மின்விசிறி ஓடவில்லை என்பதைக் கவனிக்கவில்லை.

பணம் ஒரு பொருட்டே இல்லை என்று நாங்கள் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உழைப்புக்கு உரிய கூலியை நேரத்தோடு கொடுப்பது நம் கடமை. குறைவான தொகை ஆசிரியரை விரட்டும். ஆனால் கூடுதல் தொகை மட்டும் அவர் மனத்தைப் பிடித்து வைக்காது. இதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு ஆசிரியர்களை இழக்க வேண்டியிருந்தது.

நாங்கள் மாற்றியவை

பெருநாள் வீட்டிலிருந்து திரும்பிய பிறகு சில சிறு காரியங்களைச் செய்தோம். பெரிதாகச் செலவாகவில்லை.

வகுப்பின் நிர்வாக வேலை முழுவதையும் தொண்டூழியப் பெற்றோர் இருவர் எடுத்துக்கொண்டார்கள். ஆசிரியர் வந்தால் நேரே பாடம்தான். கல்விக் குழுவில் ஒவ்வொருவரும் தவணைக்கு ஒரு முறை, ஆசிரியரின் அனுமதியோடு, கடைசி வரிசையில் மாணவரைப்போல உட்கார்கிறோம். மதிப்பெண் போடுவதில்லை, குறிப்பெடுப்பதில்லை. எங்களில் சிலருக்கு ணகர, நகர, னகர வேறுபாடு இப்போதுதான் பிடிபட்டது! புகார் எதுவானாலும் முதலில் குழுவுக்கு வரும். ஆசிரியரின் பக்கத்தைக் கேட்காமல் யாரும் பதில் எழுதுவதில்லை. எப்படிக் கற்பிப்பது என்பது ஆசிரியர் முடிவு. ஆண்டுக்கு இரண்டு முறை ஆசிரியர்கள் மட்டும் கூடி உணவருந்திப் பேசுகிறார்கள். பிரியாணியை வைத்துவிட்டு நாங்கள் வெளியே வந்துவிடுகிறோம். ஆண்டு இறுதியில் பழைய மாணவர்கள் சிலரை வரவழைத்துத் தங்கள் ஆசிரியரைச் சந்திக்க வைக்கிறோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். தொடக்கநிலை நான்குக்குத் தனி ஆசிரியர் இன்னும் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் ஐந்தாம் நிலையோடு சேர்ந்துதான் உட்காருகிறார்கள். ஆனால் இரண்டு ஆண்டுகளாக ஓர் ஆசிரியரும் விலகவில்லை. புதிதாக வந்த இருவர் நம்மிடமே படித்த பிள்ளைகள். அன்று எங்களைக் கேள்வி கேட்ட ஆசிரியை, மாதம் ஒரு முறை வந்து இளையவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். சென்ற மாதம் மறுபடியும் வகுப்பில் சந்தை போட்டார். கடைசி வரிசையில் இருந்த எங்கள் பொருளாளர் அரைக் கிலோ கத்திரிக்காய்க்குக் கூடுதல் விலை கொடுத்து ஏமாந்தார்.

பெற்றோர்களே, உங்களிடம் எங்கள் வேண்டுகோள் எளியது. இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளையிடம் "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்பதற்கு முன், "டீச்சர் இன்றைக்கு என்ன சொன்னார்?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்வதில் நல்லது ஒன்று இருந்தால், அடுத்த சனிக்கிழமை வாசலில் பார்க்கும்போது அதை ஆசிரியரிடம் சொல்லுங்கள். அரை நிமிடம் போதும். இரவு பத்தரை மணிக்கு வேண்டாம்.

செயலவையினரே, நல்ல ஆசிரியர் கிடைப்பதில்லை என்று ஒவ்வோர் ஆண்டறிக்கையிலும் எழுதுகிறோம். கிடைத்தவரை நல்லவராக இருக்க விட்டோமா என்று இந்த 50ஆம் ஆண்டில் ஒரு முறை கேட்டுக்கொள்வோம். உமறுப் புலவர் பெயரில் பள்ளி கட்டியவர்களிடம் பணம் குறைவு, படிப்பும் குறைவு. ஆசிரியர் இல்லாமல் கட்டடம் பள்ளி ஆகாது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆசிரியப் பெருமக்களே, உங்களில் விலகிச் சென்றவர்களுக்கும் இந்த மலரின் ஒரு பிரதியை அஞ்சலில் அனுப்புகிறோம். அவர்கள் படிக்கும்போது தெரிந்துகொள்ளட்டும்: தாமதமாகத்தான் என்றாலும், நாங்கள் வகுப்புக்குள் வந்துவிட்டோம்.